கடல் கடந்த தொழிலும் இலக்கியமும்

உற்பத்தி முறையில் ஏற்படும் மாற்றத்தை முதலில் அனுபவிப்பவன் தொழிலாளி. அதனை முதலில் விளம்பரம் செய்பவன் முதலாளி. அதனை விளங்கிக்கொண்டு பிறர்க்கும் விளங்கவைக்கும் கடமை எழுத்தாளனுக்குரியது. இக்கடமை நமது காலத்தில் எவ்வளவு தூரம் நிறைவேற்றப்பட்டிருக்கிறது என்பதை அறிய விரும்புவோர், அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் நடைபெற்றுவந்த கணினித் தொழில்கள் இந்தியா முதலிய நாடுகளுக்குப் பெயர்ந்த வரலாற்றையும், அவ்வரலாற்றைப் பொருளாகக் கொண்டு எழுந்த நூல்களையும் திரைப்படங்களையும் ஒருங்கே வைத்து நோக்குதல் பயனுடையது. இப்பெயர்ச்சி இலட்சக்கணக்கான குடும்பங்களின் வாழ்வை மாற்றியுள்ளது. ஆயினும் அதனைப் பற்றி எழுந்த ஆக்கங்களிற் பெரும்பாலானவை தொழிலாளியை ஒரு முனையிலிருந்து மட்டுமே கண்டன என்பதும், அதனால் மறுமுனையில் இருப்பவனைத் திருடனாகவோ மூடனாகவோ காட்டிவிட்டன என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும்.

முதலில் நிகழ்ந்தது யாதென்பதைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கையின் கோப்பித் தோட்டங்களுக்கும் பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் மலிவான உழைப்பு தேவைப்பட்டபொழுது, தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து கங்காணிமார் மூலம் மக்கள் கடல் கடத்திக் கொணரப்பட்டனர். மூலதனம் நிலைகொண்ட இடத்துக்கு உழைப்பு வந்து சேர்ந்தது. வேறு வழியும் இருக்கவில்லை. தேயிலைச் செடியைப் பெயர்த்துக் கப்பலேற்றி, இராமநாதபுரத்திலே கொழுந்து பறித்துத் திருப்பி அனுப்ப எந்தத் துரையாலும் இயலாது. ஆனால் கணினி நிரலுக்கும், வங்கிக் கணக்குக்கும், வாடிக்கையாளரின் தொலைபேசி முறைப்பாட்டுக்கும் மண்ணோடு அத்தகைய பிணைப்பு இல்லை. அவை கம்பி வழியாகவும் செய்மதி வழியாகவும் செல்லக்கூடியவை. எனவே இங்கே கடலைக் கடந்தது வேலை. ஆள் இருந்த இடத்திலேயே இருந்தான்.

1985இல் ரெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ற்ஸ் என்னும் அமெரிக்கக் கம்பனி பெங்களூரில் மென்பொருள் நிலையமொன்றை நிறுவிச் செய்மதித் தொடர்பு மூலம் தலைமையகத்தோடு இணைத்தது. 1991இல் இந்திய அரசு பொருளாதாரக் கதவுகளை அகலத் திறந்தது. 2000ஆம் ஆண்டு பிறக்கையில் பழைய கணினிகள் ஆண்டினைத் தவறாகக் கணிக்கும் என்ற அச்சம் எழுந்தபோது, கோடிக்கணக்கான நிரல் வரிகளைத் திருத்தும் சலிப்பூட்டும் வேலை இந்தியப் பொறியியலாளரிடம் ஒப்படைக்கப்பட்டது. அந்த அச்சம் தீர்ந்தது. அதனால் உண்டான தொடர்பு தீரவில்லை. நிரலாக்கத்தைத் தொடர்ந்து கணக்கெழுதுதல், காப்புறுதிப் பத்திரம் பரிசீலித்தல், தொலைபேசி அழைப்புக்குப் பதிலளித்தல் என ஒவ்வொன்றாக வேலைகள் வந்து சேர்ந்தன. அமெரிக்காவின் பகல் இந்தியாவின் இரவாதலால், பட்டதாரி இளைஞரின் ஒரு தலைமுறை இரவை விற்று வாழப் பழகிக்கொண்டது.

இந்த வேலைக்குக் கிடைக்கும் சம்பளம் இந்திய அளவில் நல்ல சம்பளம். அமெரிக்க அளவில் அற்பம். இவ்விரு அளவுகளுக்கும் இடையிலுள்ள வித்தியாசமே இத்தொழிற் பெயர்ச்சியின் உயிர்நாடி. அவ்வித்தியாசம் வேலையிழந்த அமெரிக்கனின் கைக்கும் போகவில்லை. வேலைபெற்ற இந்தியனின் கைக்கும் முழுதாக வரவில்லை. அது போய்ச் சேருமிடம் கம்பனியின் இலாபக் கணக்கு. இவ்வெளிய உண்மையை மனத்திற் கொண்டு இனி நூல்களை நோக்குவோம்.

நியூயோர்க் ரைம்ஸ் பத்திரிகையின் பத்தியாளர் தோமஸ் பிரீட்மன் 2005இல் வெளியிட்ட நூலின் தலைப்பு, உலகம் தட்டையானது என்று பொருள்படும். பெங்களூரில் இன்போசிஸ் நிறுவனத்தின் நந்தன் நிலேக்கணியோடு உரையாடியபோது பெற்ற எண்ணமே அந்நூலின் கரு என்று ஆசிரியரே கூறுகின்றார். தொடர்புச் சாதனங்கள் உலகின் ஆடுகளத்தைச் சமன்செய்துவிட்டன; இனி எந்த நாட்டவரும் எந்த நாட்டவரோடும் போட்டியிடலாம்; போட்டியிற் பிந்துவோர் மேலும் கற்று முன்னேறவேண்டியதுதான் என்பது அதன் சாரம். பல இலட்சம் பிரதிகள் விற்பனையான இந்நூல், தொழிற் பெயர்ச்சியின் வேதநூலாகவே கொள்ளப்பட்டது.

இந்நூல் தொடங்குமிடம் பெங்களூரிலுள்ள கோல்ப் மைதானம் என்பது கவனத்துக்குரியது. அம்மைதானத்தில் நின்று பார்ப்பவருக்கு உலகம் தட்டையாகத் தோன்றுவதில் வியப்பில்லை. அங்கிருந்து கண்ணிற் படுபவை பெருங்கம்பனிகளின் கண்ணாடிக் கட்டடங்கள். அவற்றை இரவில் கூட்டித் துடைப்பவரும், வாசலிற் காவல் நிற்பவரும், நள்ளிரவில் வான் ஓட்டி ஊழியரை வீடு சேர்ப்பவரும் அங்கிருந்து தெரியமாட்டார்கள். உலகம் மூலதனத்துக்குத் தட்டையாகியிருக்கலாம். தொழிலாளிக்கு அது இன்னும் மதில்கள் நிறைந்த உலகமே. இந்தியப் பொறியியலாளனின் வேலை ஒரு நொடியிற் சமுத்திரத்தைக் கடக்கும். அவன் தானே கடக்க விரும்பினால், ஆண்டுக்கு 85,000 என்று பொதுவாக வரையறுக்கப்பட்ட விசாக்களுக்காகக் குலுக்கலிற் காத்திருக்கவேண்டும். 2025 செப்டெம்பரில் அமெரிக்க ஜனாதிபதி புதிய விசா விண்ணப்பங்களுக்கு ஓர் இலட்சம் டொலர் கட்டணம் விதித்தார். கம்பிக்கு விசாவும் இல்லை, கட்டணமும் இல்லை. நிரல் சுதந்திரமாகவும் மனிதன் கட்டுண்டும் இருக்கும் உலகைத் தட்டையானது என வருணிப்பது, மேட்டில் நிற்பவன் பள்ளத்தை மறந்து செய்த வருணனையாகும்.

பிரீட்மன் நிகழ்வுகளைப் பொய்யாகக் கூறினார் என்பது நமது குற்றச்சாட்டன்று. பெங்களூரிலும் சென்னையிலும் ஹைதராபாத்திலும் முதன்முறையாகப் பல்கலைக்கழக வாசலை மிதித்த குடும்பங்களின் பிள்ளைகள் பலர் இத்தொழிலால் நிமிர்ந்தனர். பெண்கள் பலர் சொந்த வருமானமும் சொந்தத் தீர்மானமும் பெற்றனர். இதனை மறுப்பவன் முற்போக்காளனாகான். ஆனால் ஒருவன் பெற்ற நன்மை எதன் விலையாக வந்தது, எவ்வளவு காலம் நிலைக்கும், யார் நினைத்தால் பறிபோகும் என்ற வினாக்களை எழுப்பாத நூல், ஆய்வுநூல் என்ற நிலையிலிருந்து வழுவி விளம்பரத் துண்டின் நிலையை அடைந்துவிடுகின்றது.

அதே 2005இல் சேத்தன் பகத் என்பார் ஆங்கிலத்தில் எழுதிய அழைப்பு நிலைய நாவல் வெளிவந்தது. டெல்லிக்கு அண்மையிலுள்ள குர்கானில் தொலைபேசி அழைப்பு நிலையமொன்றில் ஆறு ஊழியர் கழிக்கும் ஓர் இரவே கதை. கம்பியின் இந்திய முனையிலிருந்து எழுதப்பட்டது என்பதால் இது பிரீட்மனின் நூலைவிட நமது கவனத்துக்குரியது. பாத்திரங்களின் பெயர்கள் வாசலிலேயே பறிக்கப்படுகின்றன. ஷியாம் சாம் ஆகிறான். ராதிகா ரெஜினா ஆகிறாள். ஈஷா எலிசா ஆகிறாள். நாவும் பெயரும் நித்திரையும் மாற்றப்பட்டபின் மனிதனிடம் எஞ்சுவது யாது என்பது பெரிய வினா. உயர்ந்த நாவலாசிரியன் ஒருவன் கையில் இது மொழியை இழந்த மனிதனின் துயரமாக விரிந்திருக்கும். இந்நாவலிலோ அது வேடிக்கையாகவே கடந்து செல்கிறது.

இதைவிட முக்கியமான குறைபாடு நாவலின் முடிவில் உள்ளது. அந்த நிலையத்தில் ஆட்குறைப்பு நிகழப்போகிறது என்ற அச்சமே கதையின் அடித்தளம். இது உண்மையான அச்சம். அந்நாளில் ஆயிரக்கணக்கானோர் உணர்ந்த அச்சம். அதற்கு ஆசிரியர் காணும் தீர்வுதான் என்ன? ஊழியர் சென்ற வாகனம் பள்ளமொன்றின் மேல் அந்தரத்தில் தொங்கும்போது கடவுள் தொலைபேசியில் அழைத்து அறிவுரை வழங்குகிறார். பின்னர் அவ்வூழியர், கணினியிற் பேராபத்து நேர்ந்திருப்பதாக அமெரிக்க வாடிக்கையாளருக்குப் பொய்கூறி அச்சுறுத்தி, அழைப்புகளைப் பெருக்கி, நிலையத்தைக் காப்பாற்றுகின்றனர். முப்பத்தைந்து வயது அமெரிக்கனின் மூளை பத்து வயது இந்தியப் பிள்ளையின் மூளைக்குச் சமம் என்ற பயிற்சிக்கூட நையாண்டியே இத்திட்டத்துக்கு அத்திவாரமாகிறது.

ஆபத்து வந்தபோது அந்த அறுவருக்கும் ஒன்றுசேர்ந்து தமது கோரிக்கையை முன்வைக்கத் தோன்றவில்லை. கம்பியின் மறுமுனையிலிருந்து பேசுபவனும் மாதச் சம்பளத்தை நம்பி வாழும் ஒரு சாதாரண மனிதனாக இருக்கக்கூடும் என்ற எண்ணமும் எழவில்லை. அவனை மூடனாக்கி ஏமாற்றுவதே தேசாபிமானமாகக் காட்டப்படுகிறது. ஆசிரியருடைய கோபம் பொய்யானதன்று. இரவிரவாக அவமதிப்பைக் கேட்டுக் கேட்டுப் புண்பட்ட இளைஞரின் கோபம் அது. ஆனால் அக்கோபம் கூலியை நிர்ணயிப்பவனை விட்டுவிட்டுக் குரலை உயர்த்துபவன்மீது பாய்கின்றது. இத்தகைய படைப்பு வாசகனை ஒரு மணிநேரம் சிரிக்கவைக்கும். மறுநாள் அவன் வேலைக்குச் செல்லும்போது அவனுக்கு எவ்விதத் துணையும் புரியாது.

கம்பியின் அமெரிக்க முனையிலிருந்து எழுந்த படைப்புகளுள் 2006இல் வெளிவந்த 'அவுட்சோர்ஸ்ட்' என்னும் திரைப்படம் குறிப்பிடத்தக்கது. சியாற்றில் நகரில் தொழில் புரியும் ரொட் என்பவனின் பிரிவு முழுவதும் இந்தியாவுக்கு மாற்றப்படுகிறது. தனது இடத்துக்கு வரப்போகிறவனைப் பயிற்றுவிப்பதற்காக அவன் இந்தியாவுக்கு அனுப்பப்படுகிறான். தொழிலாளி ஒருவன் தன் கையாலேயே தன் வேலையை இன்னொருவனுக்குக் கற்றுக்கொடுத்துவிட்டு விலகவேண்டும் என்ற இந்நிலைமை கற்பனையன்று. 2015இல் புளோரிடாவிலுள்ள வோல்ற் டிஸ்னி நிறுவனத்தில் ஏறத்தாழ 250 கணினித் தொழிலாளர் நீக்கப்பட்டபோது, அவர்களிற் பலர் இந்தியாவிலிருந்து விசா பெற்று வந்தோர்க்குத் தமது வேலையைப் பயிற்றிவிட்டுச் செல்லுமாறு பணிக்கப்பட்டனர். 2017இல் சான் பிரான்சிஸ்கோவிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ நிறுவனமும், தன் கணினிப் பிரிவின் ஒரு பகுதியை இந்தியக் கம்பனியொன்றிடம் ஒப்படைத்து இவ்வழியையே பின்பற்றியது. பொதுமக்கள் பணத்தில் இயங்கும் கல்வி நிலையமே இவ்வாறு செய்ததென்பதை ஆசிரியர்கள் சிறப்பாகக் கவனித்தல் வேண்டும்.

அந்தப் பயிற்சி அறையைச் சற்றே எண்ணிப் பாருங்கள். ஒரே மேசை; ஒரே கணினி; இரண்டு நாற்காலிகள். ஒருவன் பதினைந்து இருபது ஆண்டுகள் சேர்த்த அறிவைக் கொடுத்துவிட்டுப் போகிறான். கொடுக்க மறுத்தால் விலகும்போது கிடைக்கவேண்டிய பணம் கிடைக்காது. மற்றவன் அதனைப் பெற்றுக்கொள்கிறான். தயங்கினால் அவனது விசாவும் ஊரிலுள்ள குடும்பத்தின் கடனும் அவனை எச்சரிக்கின்றன. இருவரும் ஒருவரையொருவர் நேருக்கு நேர் நோக்கக் கூசுகின்றனர். தம்மை இங்கே எதிரெதிரே இருத்தியவன் அவ்வறையில் இல்லை என்பதும் இருவருக்கும் தெரியும். நமது காலத்தின் பெரும் நாடகங்களுள் ஒன்று அந்த அறையில் நடந்தேறியுள்ளது. 'அவுட்சோர்ஸ்ட்' அதன் வாசல்வரை வந்துவிட்டு, இந்திய வீதிகளின் சந்தடியிலும் ஆஷா என்னும் பெண்ணுடனான காதலிலும் மனத்தைப் பறிகொடுத்துத் திரும்பிவிடுகிறது. எனினும் அதன் இறுதிப் பகுதியில், பாடுபட்டுப் பயிற்றப்பட்ட அதே இந்திய நிலையம் மூடப்பட்டு வேலை சீனாவுக்குப் பெயரும்போது, உண்மையின் ஒரு கீற்று வெளிப்படுகிறது. இந்தியனும் அமெரிக்கனும் ஒரே வரிசையில் முன்னும் பின்னுமாக நிற்கிறார்கள் என்பதே அந்த உண்மை.

இனித் தமிழுக்கு வருவோம். 2007இல் ராம் இயக்கிய 'கற்றது தமிழ்' வெளிவந்தபோது, தமிழைப் பாடமாகக் கற்றோரும் கற்பிப்போரும் அதனைத் தம் சொந்தக் கதையாகவே கொண்டனர். முதுகலைவரை தமிழ் கற்ற பிரபாகர், சென்னையில் மிகச் சொற்பச் சம்பளத்துக்கு ஆசிரியத் தொழில் புரிகிறான். அதே நகரில் அவனையொத்த வயதினர் கணினிக் கம்பனிகளிலும் அழைப்பு நிலையங்களிலும் அவனைப்போற் பல மடங்கு சம்பாதிக்கின்றனர். ஈராயிரம் ஆண்டு மரபுடைய மொழியைக் கற்றவன் அந்நகரத்தில் வேண்டாத மனிதனாகிறான், இறுதியிற் கொலைகாரனாகிறான். வெளிநாட்டு வேலை வந்திறங்கிய நகரத்தில், அவ்வேலை கிடைக்காதவனுக்கு வீட்டு வாடகை முதல் சுயமரியாதைவரை அனைத்தும் எட்டாத உயரத்துக்குப் போய்விடுகின்றன என்ற உண்மையை இவ்வளவு வேகத்தோடு சொன்ன தமிழ்ப்படம் பிறிதொன்றில்லை. பிரீட்மன் கோல்ப் மைதானத்திலிருந்து காணாத பள்ளத்தை ராம் கண்டார். அது பெருஞ் சாதனையே.

ஆயினும் உயர்தர வகுப்புகளில் தமிழ் கற்பிக்கும் நாம் பிரபாகரின் வேதனையைப் பகிர்ந்துகொள்ளலாமேயன்றி, அவனது தீர்ப்பை ஏற்றுக்கொள்ள இயலாது. அவன் கோபம் யார்மீது பாய்கிறது? நல்ல சம்பளம் பெறும் இளைஞன்மீதும், நவநாகரிக உடை அணிந்தோர்மீதும். அந்த இளைஞனும் கூலிக்கு உழைப்பவன்தான். தமிழாசிரியனின் சம்பளத்தைக் குறைத்தவன் அவனல்லன். தமிழாசிரியனுக்கு அற்பச் சம்பளம் கொடுத்தது தனியார் கல்வி வியாபாரம். அதற்கு இடங்கொடுத்தது கல்வியைச் சந்தையில் விட்ட அரசு. பகத்தின் பாத்திரங்கள் மூடன் என எண்ணிக் கடலுக்கப்பாலுள்ளவனை ஏமாற்றுகிறார்கள்; ராமின் பாத்திரம் எதிரி என எண்ணிப் பக்கத்திலிருப்பவனை வெறுக்கிறது. தரத்தில் இவ்விரு படைப்புகளுக்குமிடையே மலைக்கும் மடுவுக்குமுள்ள வேறுபாடு உண்டு. பார்வையில் இரண்டும் ஒரே இடத்தில் இடறுகின்றன.

இந்த இடறல் ஏன் ஆபத்தானது என்பதை இலங்கை வாசகருக்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. மலிவான அந்நியத் தொழிலாளி நமது வேலையைப் பறிக்கிறான் என்ற குரலை நாம் முன்னரே கேட்டிருக்கிறோம். 1920களில் கொழும்புத் தொழிலாளரைத் திரட்டி மாபெரும் வேலைநிறுத்தங்களை நடத்திய ஏ. ஈ. குணசிங்க, 1930களின் பொருளாதார மந்தத்தில் வேலையின்மை பெருகியபோது மலையாளத் தொழிலாளருக்கெதிரான பிரசாரத்தைக் கையிலெடுத்தார். 1933இல் வெள்ளவத்தை நெசவாலையில் வேலைநிறுத்தம் வெடித்தபோது, கொல்வின் ஆர். டி சில்வா முதலிய இளம் இடதுசாரிகள் தொழிலாளரின் பக்கம் நிற்க, குணசிங்க எதிர்ப்பக்கம் நின்றார். 1939இல் அரசாங்க சேவையிலிருந்த நாட்கூலி இந்தியர் நீக்கப்பட்டனர். 1948இன் குடியுரிமைச் சட்டம் மலையக மக்களிற் பெரும்பாலானோரை நாடற்றவராக்கியது. வேலையின்மைக்கு விடை தேடிப் புறப்பட்ட கோபம், விடையைக் காணாமல் ஓர் இனத்தின் வாசலிற் போய் நின்ற வரலாறு இது.

அதே கோபம் இன்று அமெரிக்காவில் இந்தியரை நோக்கித் திரும்பியிருக்கிறது. 2004ஆம் ஆண்டுத் தேர்தலில் ஜோன் கெரி, வேலையை வெளிநாட்டுக்கு அனுப்பும் கம்பனித் தலைவர்களைத் தேசத்துரோகிக்கு ஒப்பிட்டார். அப்பொழுது ஜனாதிபதியின் பொருளாதார ஆலோசகராயிருந்த கிரெகரி மன்கியூ, இது சர்வதேச வர்த்தகத்தின் புதியதொரு வடிவமே, நீண்டகாலத்தில் நன்மையே என்றார். ஒருவருடைய கூற்றில் தேசம் இருந்தது. மற்றவருடைய கூற்றில் வர்த்தகம் இருந்தது. இரண்டிலும் தொழிலாளிக்கு இடமிருக்கவில்லை. இருபது ஆண்டுகளின் பின் கம்பனித் தலைவர் மீதிருந்த வசை மெல்ல மெல்ல விசாவோடு வந்த தொழிலாளியின் மீது இறங்கிவிட்டது.

இந்திய முனையில் இருப்பவனுக்கும் அமைதி கிட்டவில்லை. 2025 ஜூலையில் இந்தியாவின் மிகப்பெரிய மென்பொருள் நிறுவனமாகிய ரி. சி. எஸ். ஏறத்தாழ 12,000 பேரை நீக்கப்போவதாக அறிவித்தது. சம்பளம் குறைந்த நாடு என்ற காரணத்துக்காக வந்த வேலை, அதனினும் சம்பளம் குறைந்த நாட்டுக்கோ, சம்பளமே கேளாத இயந்திரத்துக்கோ போகாது என்பதற்கு என்றும் உத்தரவாதம் இருந்ததில்லை.

இவ்விருளில் வெளிச்சமே இல்லையென எண்ணுதல் தவறு. அமெரிக்காவின் சியாற்றிலில் 1998இலேயே மைக்ரோசொப்ற் நிறுவனத்தின் தற்காலிக ஊழியர் தமக்கெனச் சங்கம் அமைத்தனர். தமிழ்நாட்டில் ஆட்குறைப்புகளை எதிர்த்தெழுந்த போராட்டங்களைத் தொடர்ந்து, மென்பொருள் ஊழியரும் தொழிற்சங்கம் அமைக்கலாம் என்பதை மாநில அரசு 2016இல் தெளிவுபடுத்தியது. கர்நாடகத்தில் 2024இல் வேலைநாளை பதினான்கு மணிநேரம்வரை நீட்டும் யோசனை எழுந்தபோது, அங்குள்ள கணினி ஊழியர் சங்கம் அதனை எதிர்த்து நின்றது. கண்ணாடிக் கட்டடத்தினுள் இருப்பவனும் தொழிலாளியே என்ற உணர்வு இவ்வாறு மெல்லப் பிறக்கிறது. வாழ்க்கை இவ்வளவு தூரம் வந்துவிட்டது. இலக்கியம் இன்னும் பின்னே நிற்கிறது.

தமிழ் நாவலுலகிலும் முயற்சிகள் இல்லாமலில்லை. விநாயக முருகனின் 'ராஜீவ்காந்தி சாலை', சென்னைக்குத் தெற்கே மென்பொருட் கம்பனிகள் வரிசையாக எழுந்த பெருந்தெருவையும், அத்தெருவால் நிலத்தையும் பழைய வாழ்வையும் இழந்தோரையும் ஒரே களத்தில் வைத்துக் காட்டுகிறது. வேலை பெற்றவனையும் நிலம் இழந்தவனையும் ஒரே தெருவில் நிறுத்திய அப்பார்வை வரவேற்கத்தக்கது. அத்தெருவின் ஒரு நுனி கடலுக்கப்பால் உள்ளதென்பதையும் கண்டு எழுதும் நாவலே இனி வரவேண்டியது.

யதார்த்தவாதம் என்பது கண்ணுக்குத் தெரிவதை அப்படியே எழுதிவைப்பதன்று. கண்ணுக்குத் தெரியாத தொடர்புகளைத் தெரியச் செய்வதே யதார்த்தவாதம். தொழிற்சாலைக் காலத்தில் முதலாளியும் தொழிலாளியும் ஒரே வாசலால் நுழைந்தனர். எழுத்தாளனுக்கு வேலை எளிதாயிருந்தது. இன்று வேலை வாங்குவோன் ஒரு கண்டத்தில், வேலை இழந்தோன் இன்னொரு நகரத்தில், வேலை பெற்றோன் வேறொரு நாட்டில். இம்மூவரையும் ஒரே கதையிற் கொண்டுவரும் ஆற்றல் இல்லாத எழுத்தாளன், தன்னையறியாமலே ஒருவன்மீது மற்றவனை ஏவிவிடுகிறான்.

ஆகையால் நமது இளம் எழுத்தாளரிடமும் மாணவரிடமும் நாம் வேண்டுவது இதுவே. கொழும்பிலும் இன்று இளைஞர் பலர் பிறநாட்டுக் கம்பனிகளின் கணக்குகளையும் நிரல்களையும் எழுதி வாழ்கின்றனர். நமது வகுப்பறைகளில் இருப்போர் பலர் நாளை அவ்வேலைக்கே செல்வர். அவர்களுடைய கதையை எழுத முற்படும்போது, அவர்கள் பெற்ற சம்பளத்தை மட்டும் எழுதவேண்டாம். அவர்கள் இழந்த இரவை மட்டும் எழுதவும் வேண்டாம். அந்த வேலை அவர்களிடம் வருமுன் யாரிடம் இருந்தது, அவர்களிடமிருந்து யாரிடம் போகும் என்பதையும் எழுதுங்கள். இரண்டு நாற்காலிகள் இடப்பட்ட அந்தப் பயிற்சி அறை இன்னும் எழுதப்படாமலே கிடக்கிறது. அதனுள் நுழைந்து, அங்கு வராத மூன்றாமவனின் பெயரையும் சேர்த்து எழுதுபவனே இக்காலத்தின் மக்கள் எழுத்தாளன்.